மரவுரியை அடித்தவர்கள்

நம் காவியங்களில் மரவுரியை உடுத்தியவர்கள் இருக்கிறார்கள், செய்தவர்கள் இல்லை. இராமன் காட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவான அன்றே அயோத்தி அரண்மனையில் மரவுரி தயாராக இருக்கிறது. கைகேயி கொண்டுவந்து நீட்டுகிறாள். மூன்று பேருக்கும் போதுமான அளவு. எந்த மரத்தை வெட்டினார்கள், யார் உரித்தார்கள், எத்தனை நாள் அடித்தார்கள் என்ற பேச்சே கிடையாது. வால்மீகியின் சீதை ஒரு துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இன்னொன்றைக் கையில் பிடித்தபடி, முனிவர்கள் இதை எப்படித்தான் கட்டுகிறார்களோ என்று கூசி நிற்கிறாள். இராமன் வந்து அவள் உடுத்தியிருந்த பட்டின் மேலேயே அதைக் கட்டிவிடுகிறான். கம்பனின் சீதை வேறு மாதிரி. உள்ளே போகிறாள், தானே உடுத்திக்கொண்டு வந்து இராமன் பக்கத்தில் நிற்கிறாள். எனக்குக் கம்பன் காட்டும் பெண்ணைத்தான் பிடிக்கும். ஆனால் துணியைப் பொறுத்தவரை வால்மீகிதான் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறார். மரவுரி சேலைபோல உடம்போடு ஒட்டி விழாது. புதிதாகக் கட்டுபவரின் கைக்கு அது மடங்க மறுக்கும்.

திருமுருகாற்றுப்படையில் ஆவினன்குடிக்கு வரும் முனிவர்களும் மரவுரியைத்தான் உடையாக்கி உடுத்தியிருக்கிறார்கள். அங்கே தொடங்கி நாடக மேடை, நாட்காட்டிப் படம், புராண சினிமா வரைக்கும் மரவுரிக்கு ஒரே அர்த்தம்தான்: எல்லாவற்றையும் விட்டவனின் உடை. பட்டுக்குப் பின்னால் தறி இருக்கிறது, சாயம் இருக்கிறது, விலை இருக்கிறது. மரவுரிக்குப் பின்னால் மரம் மட்டுமே இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். வாழைப்பழத் தோலைப்போலக் கழற்றிப் போர்த்திக்கொண்டால் ஆயிற்று. அப்படி ஒரு துணி உலகத்தில் எங்கும் இருந்ததில்லை.

கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் தாண்டி மலையேறும் பேருந்து குமுளியில் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். இறங்கி நடந்தால் கேரளம். ஏலக்காய், மிளகு, கிராம்புக் கடைகளின் வாசனை கடந்து கொஞ்ச தூரத்தில் தேக்கடி. அதற்கப்பால் பெரியாறு புலிகள் காப்பகம். ஊரை ஒட்டிப் பழங்குடிகளின் குடியிருப்புகளான மன்னான்குடியும் பளியக்குடியும் இருக்கின்றன. இந்த மலைகளில்தான், இடுக்கி முழுவதிலும் பரவிய பசுமைமாறாக் காட்டில்தான், மரவுரி மரம் நிற்கிறது. மலையாளத்திலும் மரத்துக்கு அதே பெயர்தான். தாவரவியலில் அன்டியாரிஸ் டாக்ஸிகாரியா. நாற்பது மீட்டர் உயரம் போகும். அடிமரம் பலகைபோல் விரிந்த வேர்களோடு ஊன்றி நிற்கும். பலா, ஆல், அத்தி, மல்பெரி எல்லாம் சேர்ந்த குடும்பத்தில் இதுவும் ஒன்று. கீறினால் பால் வடியும். ஜாவாவிலும் போர்னியோவிலும் அந்தப் பாலை அம்பு நுனியில் தடவி வேட்டையாடினார்கள். இதயத்தை நிறுத்திவிடும் விஷம் அதில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் இந்த மரத்தைப் பற்றி ஒரு கட்டுக்கதை ஓடியது: அதன் காற்று பட்டாலே மனிதன் சாவான், சுற்றிலும் பல மைல் தூரம் புல் முளைக்காது என்று. அதே மரத்தின் பட்டையை இங்கே மனிதர்கள் உடம்பில் சுற்றிக்கொண்டும் குழந்தையைப் படுக்கவைத்தும் வாழ்ந்திருக்கிறார்கள்.

இந்த மரத்தைக் குறித்து எனக்கு மிகவும் பிடித்த தகவல் சாக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் தாவர நூல்கள் இதைச் சாக்கு மரம் என்றே அழைத்தன. மேற்குக் கரையில் அரிசி கட்டுவதற்கு இப்படிச் செய்வார்களாம்: சாக்கு எவ்வளவு நீளம், எவ்வளவு பருமன் வேண்டுமோ அந்த அளவுக்கு ஒரு கிளையை வெட்டுவது. கொஞ்சம் ஊறவைத்து, உள்பட்டை கட்டையிலிருந்து விடும்வரை தடியால் சுற்றிலும் அடிப்பது. விட்டதும் உள்ளே இருப்பது வெளியே வருமாறு பட்டையைப் புரட்டிக் கீழே இழுப்பது. இழுத்துக்கொண்டே போய், கடைசியில் நடுக்கட்டையை அறுத்து எடுத்துவிட்டு, ஒரு வட்டத்துண்டை மட்டும் அடியில் விட்டுவைப்பது. அதுதான் சாக்கின் அடிப்பாகம். ஊசி இல்லை, நூல் இல்லை, தையல் இல்லை. மரத்தின் உருவத்தையே பையின் உருவமாக்கிய இந்த யோசனை யாருக்கு வந்ததோ, அந்த ஆள் எந்தக் காவியத்திலும் இல்லை. இலங்கையின் வேடர்களும் இதே மரத்தின் பட்டையில் பையும் உடையும் செய்தார்கள். அங்கே மரத்தின் பெயர் ரிட்டி.

இடுக்கி மலைக்குடிகளிடம் மரவுரி இடுப்பைச் சுற்றும் துணியாகவும் விரிப்பாகவும் போர்வையாகவும் இருந்தது. துறவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை; மலையில் குளிர், அவ்வளவுதான். பருத்தித்துணி சந்தைக்கு வந்ததும் மரவுரி பின்வாங்கியது. எங்கும் நடந்த கதை. குளிரில் நனைந்த பட்டையைச் சுமப்பதைவிட ஒரு கைத்தறிப் போர்வை லேசு என்று கண்டுகொண்டவர்களை யார் குறை சொல்ல முடியும்?

செய்முறைக்கு வருகிறேன். நார் நமக்குப் புதிதில்லை. தேங்காய் மட்டையை ஊறவைத்து அடித்துக் கயிறு திரிக்கிறோம். கற்றாழையிலும் புளிச்சையிலும் நார் எடுத்தோம். ஆனால் நம்முடைய வழி எப்போதும் பிரிப்பது, பிறகு சேர்ப்பது. பட்டையிலிருந்து நாரைத் தனியாக்கி, முறுக்கி, பின்னி அல்லது நெய்து மறுபடி ஒன்றாக்குகிறோம். மரவுரிக்காரர் நாரைப் பிரிப்பதே இல்லை. மரத்தின் உள்பட்டையில் நார்கள் நெடுக்காக ஓடி, இடையிடையே ஒன்றையொன்று தொட்டு ஒரு வலையாக ஏற்கனவே இருக்கின்றன. அந்த வலையை அறுக்காமல், அடித்து அடித்து அகலப்படுத்துவதுதான் வேலை முழுவதும். மரம் நெய்து வைத்திருப்பதைத் திறக்கிறார்கள் என்று சொல்லலாம்.

இந்த வேலையை உலகத்தில் மிக நுட்பமான இடத்துக்குக் கொண்டுபோனவர்கள் பசிபிக் தீவுகளின் பெண்கள், அவர்களிலும் ஹவாய்ப் பெண்கள். அங்கே அந்தத் துணிக்குப் பெயர் கப்பா (குமுளிக்காரர்கள் மரவள்ளிக் கிழங்கை நினைத்துக்கொள்ள வேண்டாம்). செடி வவுக்கே, காகித மல்பெரி. தீவுகளுக்குக் குடியேறி வந்தவர்கள் தங்கள் படகிலேயே கொண்டுவந்து நட்ட பயிர் அது. நட்டு ஒன்றரை, இரண்டு வருடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நேராக வளரும். அதுவரை பக்கக் கிளை துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளிவிட வேண்டும். கிளை வந்த இடத்தில் பட்டையில் ஓட்டை விழும். அடிக்க அடிக்க அந்த ஓட்டை பெரிதாகும். ஆகத் துணி வேலை தோட்டத்திலேயே, விரல் நகத்திலேயே தொடங்கிவிடுகிறது. வெட்டிய தண்டிலிருந்து பட்டையை உரித்து, மேல்தோலைச் சிப்பியால் சுரண்டி எடுத்து, வெள்ளையான உள்பட்டையைக் கடல்நீரில் ஊறவைப்பார்கள். பிறகு கல்லின் மேல் வைத்து உருண்டைக் கட்டையால் முதல் அடி. அகன்ற நாடாக்களாக வந்ததும் வெயிலில் காயவைத்து எடுத்து வைக்கலாம். வேண்டும்போது மறுபடி ஊறல். இந்த முறை நாள்கணக்கில், புளித்துக் கூழ்ப்பதம் வரும்வரை. இரண்டாவது அடி மரக்கட்டையின் மேல். இப்போது கையில் இருப்பது நான்கு பக்கமும் தட்டையான கொட்டாப்புளி. ஒவ்வொரு பக்கத்திலும் வேறு வேறு வரி செதுக்கியிருக்கும். முதலில் முரட்டு வரி, பிறகு நுண்ணிய வரி, கடைசியாக அந்தப் பெண்ணுக்கே உரிய கோலம். காய்ந்த துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தக் கோலம் ரூபாய் நோட்டின் நீர்க்குறிபோலத் தெரியும். பிறகு சாயம்: மஞ்சள், நுணாவுக்கு உறவான நோனியின் வேர், குக்குயி மரத்தின் பட்டை. மூங்கில் சிம்பில் செதுக்கிய அச்சால் கரை ஒற்றுவார்கள். படுக்கைப் போர்வை என்றால் பல தாள்களை ஒரு பக்கமாகத் தைத்து, மேல் தாளில் மட்டும் அலங்காரம். அரசர்களும் அதையே போர்த்திப் படுத்தார்கள். அங்கே அது எளிமையின் சின்னம் இல்லை. பட்டின் இடத்தில் இருந்தது.

அடிக்கும் ஓசை பள்ளத்தாக்கு தாண்டிக் கேட்கும். தாளத்தை மாற்றி அடித்துச் சேதி சொல்லிக்கொண்டார்கள் என்கிறார்கள். அந்த வேலையின் கனம் அவர்கள் புராணத்திலேயே ஏறியிருக்கிறது. மாவுயி என்ற வீரன் சூரியனைக் கயிறு போட்டுப் பிடித்து மெதுவாகப் போகச் சொல்கிறான். எதற்காக? அவன் அம்மா ஹினா அடித்து விரித்த கப்பா காய்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறதாம். ஒரு தாயின் துணி காய வேண்டும் என்பதற்காகப் பகலே நீண்ட கதை இது. மைக்கோஹா என்பவனின் உடலைப் புதைத்த இடத்தில்தான் முதல் வவுக்கே முளைத்தது. அவன் மகள்கள் இருவரும் கப்பா அடிப்பவர்களின் தெய்வங்கள். செய்தவர்களே இல்லாத நம் மரவுரிக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்கிறேன். அங்கே துணிக்குத் தெய்வமே வேலைக்காரியாக இருந்து பொறுப்பேற்றிருக்கிறது.

படித்தது கைக்கு எட்டுமா என்று பார்க்க ஆசை வந்தது. மரவுரி மரத்தைத் தொட முடியாது. காப்பகத்தில் நிற்பதை வெட்டுவது குற்றம். ஆனால் மலைக்குக் கீழே தேனி மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். மல்பெரிக் கிளைகளை அப்படியே வெட்டிப் புழுவுக்குப் போடுவார்கள். இலை தீர்ந்ததும் குச்சி மிஞ்சும், அடுப்புக்குப் போகும். அதில் ஒரு கட்டு கேட்டு வாங்கினேன். இங்கே ஒரு விஷயம் உறைத்தது. ஒரே செடியின் இலை பட்டாகிறது, பட்டை மரவுரியாகக் கூடியது. இராமன் சீதைக்குப் பட்டின் மேல் மரவுரியைக் கட்டியபோது, அந்தப் பட்டு எந்தப் புழுவின் பட்டாக இருந்தாலும், இரண்டும் நாம் நினைக்கிற அளவு தூரத்து உறவில்லை.

பச்சையாக இருக்கும்போது மல்பெரிப் பட்டை ஒரே இழுப்பில் வருகிறது. மேல்தோலைக் கத்தி முதுகால் சுரண்ட வேண்டும். கூர்ப்பக்கம் பட்டால் நார் அறும். ஊறவைத்த பிறகு கல்லில் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தால், நீளம் அப்படியே இருக்க, அகலம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. இதைப் படித்திருந்தேன், கண்ணெதிரே நடக்கும்போது வேறாக இருந்தது. ஈரம் குறைந்தால் பிளக்கும். வேகம் கூடினால் ஓட்டை. மணிக்கட்டு அல்ல, கட்டையின் எடையே அடிக்க வேண்டும் என்பது தோள் வலித்த பிறகுதான் தெரிகிறது. இரண்டு துண்டுகளின் ஓரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அடித்தால் ஒட்டிக்கொள்கின்றன. பட்டையில் இருக்கும் பசையே போதும். வந்ததைத் துணி என்று சொல்வது பெருந்தன்மை. காய்ந்ததும் காகிதம்போல் மொடமொடவென்று நின்றது. அதுவும் காய்ந்தால்தான். ஆடி மாதக் குமுளியில், மேகம் வீட்டுக்குள் வந்துபோகும் நாட்களில், மாவுயி எதற்குச் சூரியனைக் கட்டிப்போட்டான் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஹவாயில் இந்த வேலை ஒரு கட்டத்தில் அடியோடு நின்றுபோனது. 1778இல் கேப்டன் குக் வந்தார். அவர் பயணங்களில் சேகரித்த பட்டைத் துணிகளைக் கத்தரித்து ஒட்டி லண்டனில் அலெக்சாண்டர் ஷா என்பவர் 1787இல் மாதிரிப் புத்தகமே போட்டார். 1820இல் மிஷனரிகள் வந்தார்கள், கூடவே பருத்தித்துணியும். நூற்றாண்டு முடிவதற்குள் அடிப்பவர்கள் அற்றுப்போனார்கள். 1911இல் ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்திலிருந்து வில்லியம் பிரிகம் கப்பா செய்முறை பற்றிப் பெரிய நூல் எழுதினார். அதற்குள் கொட்டாப்புளிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்துவிட்டிருந்தன.

1970களில் ஹவாய்க்காரர்கள் தங்கள் மொழியையும் நடனத்தையும் கடலோடும் கலையையும் மீட்கத் தொடங்கியபோது சில பெண்கள் இதையும் கையில் எடுத்தார்கள். சொல்லித்தர யாரும் இல்லை. புவானானி வான் டோர்ப், அடிப்பது நின்றுபோகாத ஃபிஜியில் இருந்தபோது இந்த வேலையில் ஈடுபாடு கொண்டவர். பிறகு ஹவாய்த் துணிக்கே உரிய மென்மை எங்கிருந்து வந்தது என்று பழைய துண்டுகளையும் பழைய குறிப்புகளையும் வைத்துச் செய்து செய்து பார்த்தார். நாள்கணக்கான அந்தப் புளிப்பில்தான் பதில் இருந்தது. துணியில் பதிந்த வரியிலிருந்து கட்டையை ஊகித்து, கட்டையை மறுபடி செதுக்கி, வவுக்கேயைத் தேடிப் பிடித்து மறுபடி நட்டார்கள். குருவின் இடத்தில் ஒரு கிழிந்த துணி இருந்தது.

1980களின் இறுதியில் மாவுயித் தீவில் ஹொனொக்கஹுவா என்ற கடலோர மணல்மேட்டில் ஓட்டல் கட்டத் தோண்டினார்கள். மூதாதைகளின் எலும்புகள் வந்துகொண்டே இருந்தன, ஆயிரத்துக்கும் மேல். மக்கள் போராடினார்கள், ஓட்டல் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளிப்போனது. எடுத்த எலும்புகளைத் திரும்பப் புதைக்க வேண்டும், முறைப்படி கப்பாவில் சுற்றித்தான். வான் டோர்ப்பும் அவருடன் சேர்ந்த பெண்களும் உட்கார்ந்து அத்தனைக்கும் அடித்தார்கள். புதிதாகக் கற்ற கைகள் செய்த முதல் பெரிய வேலை நேரே மண்ணுக்குள் போனது. கண்காட்சி இல்லை, விலை இல்லை. கற்றவர்களின் கை திருந்தியதே அந்த எண்ணிக்கையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 2011இல் ஹிலோ நகரத்தின் மெரி மொனார்க் விழாவில் ஒரு நடனக்குழு முழுவதும் கப்பா உடுத்தி ஆடியது. அதற்குள் அடிப்பவர்கள் ஒரு கூட்டமாகவே ஆகியிருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு இடுக்கியிலும் இப்படி மீட்கலாமே என்று துள்ளுவது சுலபம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. வவுக்கே தோட்டப் பயிர். வெட்டினால் வேரிலிருந்து மறுபடி வரும். மரவுரி மரம் காட்டின் பெருமரம். நல்ல அகலத்துக்குப் பட்டை வேண்டும் என்றால் ஒரு மரமோ பெருங்கிளையோ சாய வேண்டும். பெரியாறு 1950இல் சரணாலயம், 1978இல் புலிகள் காப்பகம். இந்தக் காட்டில் பட்டை உரித்தல் என்ற சொல்லுக்கு வேறொரு வரலாறும் உண்டு. வயணா மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்ற ஆட்கள் 1990களின் பிற்பகுதியில் வனத்துறையிடம் வந்து சேர்ந்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப்போய்க் காட்டும் வேலையில் அவர்களுக்கென்று ஒரு சூழல் மேம்பாட்டுக் குழுவே இருக்கிறது. குமுளியில் பட்டைக்கத்தியோடு மரத்தை அண்ணாந்து பார்ப்பவனை யாரும் கலைஞன் என்று எண்ணமாட்டார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனமகசூலைக் குடிகளுக்கு உரிமையாக்கியது. தேனும் குந்திரிக்கமும் அதில் அடங்கும்; நிற்கிற மரத்தைச் சாய்ப்பது அடங்காது.

உகாண்டாவில் வேறொரு வழி இருக்கிறது, பாகாண்டா மக்களுடையது. அத்தி இன மரமொன்றின் பட்டையை அடிமரத்தைச் சுற்றி முழுச் சட்டையாக உரித்து, உரித்த உடனே மரத்தை வாழை இலையால் சுற்றிக் கட்டிவிடுவார்கள். சில நாளில் புதுப்பட்டை கட்டத் தொடங்கும். அடுத்த வருடம் மறுபடி உரிக்கலாம், பல பத்தாண்டுகளுக்கு. 2005இல் யுனெஸ்கோ இந்தக் கலையைச் சிறப்பித்தது. அங்கே அடிப்பவர்கள் ஆண்கள். அத்தி இனமும் வாழை இலையும் குமுளியில் இல்லாததா? மரவுரி மரம் அந்த வைத்தியத்துக்கு இசையுமா என்பதை மரத்தோடு வாழ்ந்தவர்களும் தாவரவியல்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்துதான் சோதிக்க வேண்டும். நாற்று வைத்து வளர்த்தாலும், துணிக்கு உதவும் பருமன் வரக் காத்திருக்க வேண்டும்.

மரம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பிறகு நடக்கப்போவதும் தெரியும். தேக்கடி சாலையில் காஷ்மீர்ச் சால்வைக்கும் யானைப் பொம்மைக்கும் நடுவில் கைக்குட்டை அளவு மரவுரி சட்டம் போட்டுத் தொங்கும்; பக்கத்தில் பழங்குடி நடனம் மாலை ஆறு மணிக்கு என்று பலகை இருக்கும். இரண்டு கையளவு துண்டை அடித்து விற்றால் கை எதையும் கற்றுக்கொள்ளாது. ஹவாய்ப் பெண்களுக்குக் கப்பா தேவைப்பட்டது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புக் குவியல்களைச் சுற்ற. அந்தத் தேவை கற்பனையானதில்லை, சுற்றுலாத் துறை உண்டாக்கியதும் இல்லை. மன்னான்குடியிலும் ஊராளிப் பழங்குடியினரின் மலைகளிலும் மரவுரிக்கு அப்படி ஒரு தேவை இன்னும் மிச்சமிருக்கிறதா என்று கேட்க வேண்டிய இடம் அந்தக் குடிகளே. பிறந்த குழந்தையைப் போர்த்தவா, இறந்தவரைச் சுற்றவா, ஏதோ ஒரு கோவில் கொடைக்கா, இல்லை வெறுமனே குளிருக்கா? கம்பளிப் போர்வை மலிவாகக் கிடைக்கிறது, எங்களுக்கு மரவுரி வேண்டாம், காட்டுக்குள் போய் மீன் பிடிக்கவும் தேன் எடுக்கவும் விட்டால் போதும் என்று அவர்கள் சொன்னால், அதையும் எழுதிக்கொள்ளத்தான் வேண்டும்.